ஆறு மாதத் தவணை

சைகோனில் வாடகைக்கு விடவென்று ஒரு வீடு வாங்கினேன். முன்பணம் போக, ஆறு மாதத் தவணைக்கான தொகை கணக்கில் தனியாக இருந்தால்தான் கடன் என்றது வங்கி. குடியிருப்பவர் திடீரென்று காலி செய்தாலும் தவணை நிற்கக்கூடாதாம். எப்படியோ புரட்டிப் போட்டேன்.

பத்திரம் முடிந்த மறுவாரம் காரைக்காலிலிருந்து தந்தி வந்தது. மாமனார் சாகக் கிடந்தார். எங்களோடு தங்கியிருந்த மைத்துனன் அவருக்கு ஒரே மகன். விமான டிக்கெட்டுக்குப் பணம் கேட்டான்.

"இருக்கு தம்பி, ஆனா பேங்க்ல கட்டிப் போட்டிருக்காங்க. தொட முடியாது."

"சரி அத்தான், நீங்க என்ன செய்வீங்க," என்றான். அந்தப் பெருந்தன்மை எனக்கு எரிச்சலாக இருந்தது.

சைகோனின் ‘பென் தான்’ என்ற கடைத்தெருவில் தெரிந்தவர்களிடமெல்லாம் கடன் கேட்டு அலைந்தான். பணம் சேர்வதற்குள் மாமனார் போய்விட்டார். பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார்.

பிறகொரு நாள் வங்கியில் பேச்சுவாக்கில் விசாரித்தேன். கையெழுத்தாகும் அன்று பணம் இருந்தால் போதும், அதற்கப்புறம் எடுக்கத் தடையில்லை என்றார் அதிகாரி.

நான் ஆச்சரியப்படவில்லை. அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிந்துதான், தந்தி வந்த அன்று நான் கேட்கப் போகவில்லை.