கூடையின் அடிவரை கொழுந்து

செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது எங்கள் தோட்டத்துக் கொழுந்து லாரி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. அந்த லாரி தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் போகும். தேவாலாவில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. டிரைவர் யூசுப் அண்ணன் நனைந்த தலையோடு வகுப்பு வாசலில் நின்று, டீச்சரிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, பையை எடுத்துட்டு வா."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். "உங்க சித்தி தேயிலைக் காட்டுல கொழுந்து பறிச்சுக்கிட்டே இருந்தாங்களாம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. கூடலூருக்குக் கொண்டுபோற வழியிலேயே முடிஞ்சுபோச்சு பாப்பா." பிறகு அவராகவே, "போன வாரம்தான் லேட்டா வந்தேன்னு என்னை அந்தத் திட்டு திட்டினாங்க. மறுநாள் காலையில ஒரு குடம் தண்ணி தூக்கிட்டு வந்து லாரியைக் கழுவி விட்டாங்க" என்றார். அழுதுகொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் வந்தது.

சலோமி சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா இறந்த பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தனியாக இருந்தார். என் அப்பா கங்காணியாக இருந்து வேலை வாங்கும் கூட்டத்தில்தான் கொழுந்து பறித்தார். புதன்கிழமை அடக்கம் முடிந்தது. நாளை ஞாயிறு நம் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. ஆராதனையில் சித்தியைப் பற்றி நான் எழுதி வாசிக்க வேண்டுமென்று மாதர் சங்கத்தார் கேட்டார்கள். அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"எழுது. ஆனா அந்தக் கூடைக் கதையை எடுக்காதே. எடுத்தேன்னா அப்புறம் நடக்கிறதே வேற."

அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பா இருமினால் என் கை நின்றுவிடுகிறது. அந்தக் கூடையை விட்டுவிட்டுச் சித்தியைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சித்தி பிறந்ததிலிருந்தே ஆலயத்துக்கு வந்தவர்தான். ஆனால் அவருடைய வாயைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். குழாயடியில் அவர் நின்றால் மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். ஒருமுறை வரிசைச் சண்டையில் எதிர்வீட்டுச் செல்லம்மா அக்காவின் மண்குடத்தை உடைத்தேவிட்டார். அந்த ஞாயிறு ஆயர், நம்மைப் பகைக்கிறவர்களை நேசிப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சித்தி வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்து தன் பித்தளைக் குடத்தை நிரப்பி, செல்லம்மா அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

செல்லம்மா அக்கா குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டி, இதுல என்னத்தைக் கலந்திருக்கே?"

"தண்ணியைத்தான் கலந்திருக்கேன். குடத்தையும் நீயே வெச்சுக்கோ."

அன்று தொடங்கியதுதான். யாரைத் திட்டினாலும் மறுநாள் விடிவதற்குள் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு குடம் தண்ணீர் இருக்கும். முதலில் லயமே சிரித்தது. பிறகு அதிலும் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். இடுப்பு வலிக்கிற நாளில் செல்லம்மா அக்கா வேண்டுமென்றே, "சலோமி, உன் கோழி என் கீரையைக் கொத்திப் போட்டுது, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று வம்புக்கு இழுப்பார். சித்திக்கும் அது தெரியும். "உனக்குத் தண்ணி வேணும்னா வாயைத் திறந்து கேளேன்டி. எதுக்கு என்னைப் பாவியாக்குறே?" என்பார். ஆனாலும் குடம் போய்விடும்.

ஒருநாள் அம்மா, "இப்படியே எத்தனை காலத்துக்குச் சுமப்பே?" என்று கேட்டபோது சித்தி சொன்னது எனக்கு மனப்பாடம். "அக்கா, எனக்குப் பெரிய பெரிய ஜெபமெல்லாம் வராது. வாய் போன இடத்துக்குப் பின்னாடியே கையும் போகணும். ஆண்டவர் எனக்குச் சொன்னது அவ்வளவுதான். கை வலிக்க வலிக்க வாய் தானா குறையுது பாரு." உண்மையாகவே குறைந்தது. கடைசி வருடங்களில் சித்தியின் வாயிலிருந்து திட்டு வாங்குவதே அபூர்வமாகிவிட்டது. யூசுப் அண்ணன் கொடுத்து வைத்தவர்.

நான் பயந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். யானை வரும் பாதையில் பஸ்ஸுக்குப் போக வேண்டிய நாட்களில் சித்திதான் கூட வருவார். "ஆண்டவர் நம்ம கூடவே வர்றாரு. இருந்தாலும் நீ கொஞ்சம் சத்தமா பாடு" என்பார். அவர் பாடினால் யானை மட்டுமல்ல, யாருமே பக்கத்தில் வரமாட்டார்கள். ராகம் அப்படி. சித்திக்கும் யானை என்றால் பயம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் கை வேர்த்திருந்தது.

இனி அந்தக் கூடை.

நம் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டாரும் பூசணி, இஞ்சி, மிளகு, கோழி என்று கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்போம். அப்பாவின் கூட்டத்திலிருந்து ஒரு கூடைக் கொழுந்து வரும். முந்தின நாள் பறித்த, இரண்டு இலையும் ஒரு மொட்டுமான முதல் தரக் கொழுந்து. கை வேகம் சித்திக்குத்தான் என்பதால் அது சித்தியின் கூடையாகவே இருக்கும். கங்காணி ஒவ்வொரு கூடைக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார். அடியில் முற்றிய இலையை வைத்து மேலே கொழுந்தைப் பரப்பிவிடுவது பறிப்பவர்களின் பழைய வழக்கம். எடை காட்ட அப்படிச் செய்வார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒருமுறை பனியில் துளிர் கருகிப்போயிருந்தது. கூடை நிரம்பவில்லை. அப்பா சொன்னார்: "மேல கொழுந்தா இருந்தாப் போதும். அடியில என்ன இருக்குன்னு கோயில்ல யாரு கையை விட்டுப் பார்க்கப் போறாங்க?" சித்தியும் நிறுவைக்கு அடுக்குவது போலவே அடுக்கிவிட்டார்.

ஆராதனையில் ஆயர் காணிக்கைகளின் முன் நின்று, எங்களிடம் உள்ளதில் சிறந்ததை உமக்குக் கொண்டுவந்தோம் என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். பாட்டு ஆரம்பித்தபோது சித்தி எழுந்து முன்னால் போனார். கூடையைப் பிடித்துப் பாயில் கவிழ்த்தார். கூடையில் மேலாக இருந்த ஒரு சாண்தான் இளம்பச்சைக் கொழுந்து. மற்றதெல்லாம் தடித்த கரும்பச்சை இலை.

"ஐயா, மன்னிக்கணும். நான்தான் பறிச்சேன், நான்தான் அடுக்கினேன். இதை இங்க வெச்சுட்டு எனக்குப் பாட வாய் வரலை" என்றார்.

அவர் அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கங்காணி கையை விட்டுப் பார்க்காமல் ஒரு கூடையும் வராது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அடுத்த வாரமே டீக்கடையில் அப்பாவுக்கு 'ஒரு சாண் கங்காணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு சித்தியோடு பேசவில்லை. சித்தியைச் செங்குத்தான மேட்டுக்காட்டுக்கு மாற்றினார். பீடத்துக்குக் கொழுந்துக் கூடை வைக்கும் வழக்கமும் அத்தோடு நின்றது.

சித்தி செய்தது சரி என்றுதான் நான் நினைத்தேன். சித்தி அப்படி நினைக்கவில்லை. ஒருநாள் அம்மாவிடம், "சொன்னது சரிதான் அக்கா. சொன்ன இடம்தான் சரியில்லை. மச்சான்கிட்ட முதல்ல தனியாப் போய் உக்காந்து பேசியிருக்கணும். நான் என் மனசைக் கழுவ அவரு தலையில தண்ணியை ஊத்திட்டேன்" என்றார். அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா அவர் பேசி முடிக்கும்முன் கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் எங்கள் பின்வாசலில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. மழையோ பனியோ, சித்தி காட்டுக்குப் போகுமுன் வைத்துவிட்டுப் போவார். "அவ தண்ணி எனக்கு வேண்டாம்" என்று அப்பா சொன்னார். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, அதைத் தூக்கி எங்கள் தண்ணீர்ப் பானையிலேயே ஊற்றிவிடுவார். இத்தனை நாளும் அப்பா குடித்ததில் பாதி சித்தியின் தண்ணீர்தான். இது அப்பாவுக்குத் தெரியாது என்று அம்மா நினைக்கிறார். எனக்குச் சந்தேகம்தான்.

ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் நாம் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது, சித்தி பெண்கள் பக்கத்திலிருந்து அப்பாவிடம் வந்து கைகூப்பி, "சமாதானம், மச்சான்" என்பார். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சித்தி கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் திரும்புவார். முகத்தில் கோபம் இருக்காது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். குடத்தை உடைத்த அதே சித்திதானா இது என்று இருக்கும். நம்பிக்கையில் ஒரு மனுஷி வளர்வது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால், அந்த முகத்தைத்தான் காட்டுவேன். அதை நான் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

அடக்கத்தன்று எல்லோரும் குழியில் மண் போட்டார்கள். அப்பா தூரத்தில் சவுக்கு மரத்தடியிலேயே நின்றுவிட்டார். வியாழக்கிழமை காலை அம்மா பின்கதவைத் திறந்தார். குடம் வைத்து வைத்து வட்டமாகத் தேய்ந்த இடம் காய்ந்து கிடந்தது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அம்மா அந்த இடத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்து அழுதார். அப்பா சாப்பிடாமலே வேலைக்குப் போனார்.

இன்று சாயங்காலம் அப்பா வெகுநேரம் கழித்து வந்தார். மேட்டுக்காட்டுச் சேறு முட்டிவரை ஒட்டியிருந்தது. தோளில் சித்தியின் கூடை. அடுப்படி மூலையில் அதை இறக்கி, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, படுக்கப் போய்விட்டார். கங்காணி ஆன பிறகு அப்பா கொழுந்து பறித்து நான் பார்த்ததில்லை. அவர் கூட்டத்தில் இருபது பெண்கள் இருக்கிறார்கள். யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. கொழுந்துக் கறையில் அவர் விரல்கள் கறுத்திருந்தன.

இதை எழுதுகிற இவ்வளவு நேரமும் அந்தக் கூடை என் எதிரிலேயே இருந்தது. சாக்கை நீக்கினேன். மேலே நல்ல கொழுந்து. அடியில் முற்றிய இலை இருந்தால் நான் என்ன செய்வது? அப்புறம் நாளை இதை எப்படி வாசிப்பது? அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அடியைப் பார்க்காமலே மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு கங்காணி விடுவதுபோல் முழங்கை வரை கையை விட்டேன். பறித்து அடைந்து கிடந்த கொழுந்து உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் கை தட்டியது. ஒரு பிடி எடுத்து விளக்கருகே கொண்டுவந்து பார்த்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும். இன்னொரு பக்கம் கையை விட்டு எடுத்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும். அடிவரை கொழுந்துதான்.

அப்பாவின் கூடையை நாளை நீங்கள் பீடத்தின் முன்னால் பார்ப்பீர்கள். நானும் இதை வாசிப்பேன். ஆனால் விடிந்ததும் முதலில் அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து வாசித்துக் காட்டப்போகிறேன். அவர் வேண்டாம் என்று சொல்லும் வரிகளை எடுத்துவிடுவேன். சித்தி கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதை நான் சுலபமாகப் பெற்றுக்கொண்டேன். பயம் போகவில்லை. யானைப் பாதையில் சித்தியின் கை வேர்த்ததுபோல் இப்போது என் கையும் வேர்த்திருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை சித்தி கடைசியாக வைத்துவிட்டுப் போன குடம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதை நிரப்பி, பின்வாசலில் அந்த வட்டத்தின் மேல் வைக்க வேண்டும்.

சமாதானம், சித்தி.