சவரிநாதன் வீட்டு முட்டைப் பார்சல்

சண்டைச் சேவல் வளர்ப்பவனிடம் பெண் கேட்டால்கூட யோசித்துச் சொல்கிறேன் என்பான். அடைக்கு வைக்க முட்டை கேட்டுப் பாருங்கள், முகம் போகிற போக்கு தெரியும். இல்லை என்றால் அற்பன் என்ற பெயர் வரும். கொடுத்தாலோ, தன் சேவலின் வாரிசே நாளைக்கு எதிராளி கையில் இருந்துகொண்டு தன்னைப் பார்த்துச் சிலிர்க்கும். அதனால் முகையூர்ப் பக்கத்துச் சேவல்காரர்கள் நடுவாக ஒரு வழி வைத்திருந்தார்கள். கேட்டால் கொடுத்துவிடுவது, கொடுத்தது பொரிக்காமல் பார்த்துக்கொள்வது. வீட்டுப் பெண்களுக்கும், புதிதாகச் சேவல் பிடித்தவர்களுக்கும் மட்டும்தான் இது தெரியாது.

சவரிநாதனிடம் மயில் நிறத்தில் ஒரு சேவல் இருந்தது. எண்பத்திரண்டாம் வருஷம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நடந்த சண்டையில் பெரிய பெரிய ஆட்களின் சேவல்களை எல்லாம் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு வந்தது. அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. மல்லாட்டை பயிரிடுகிற ஒன்றரை ஏக்கர் நிலம் தராத மரியாதையை அந்தச் சேவல் தந்தது.

அவன் மனைவி அமலோற்பவமேரிக்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு. அது அவள் கையால் வந்தது. பம்பாயில் இருக்கிற மகனுக்கு முறுக்கு, பட்டாளத்தில் இருக்கிற தம்பிக்கு அப்பளம் என்று யார் எதை வெளியூருக்கு அனுப்பினாலும் அவள்தான் கட்டித் தரவேண்டும். "அமலோற்பவம் கட்டினா ரயிலு கவுந்தாலும் அப்பளம் நொறுங்காது" என்பார்கள். காசு வாங்கமாட்டாள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் போதும், அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடினாலும் அவளுக்குத் தெரியாது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அதுதான் பட்டமும் பதக்கமும்.

அவளுடைய அண்ணன் பெரியநாயகத்துக்கு ரயில்வேயில் வேலை. விழுப்புரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு மாற்றலாகிப் போனவனுக்கு, அங்கே போன பிறகு சேவல் பித்துப் பிடித்துக்கொண்டது. லீவில் வந்தவன் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"மாப்ளே, உங்க மயிலு வகையில ஒரு டஜன் முட்டை வேணும். எங்கோழி இன்னும் அடைக்குக் குந்தல. பத்து நாள் கழிச்சி தபால்ல அனுப்பி வெச்சாப் போதும்."

மச்சான் கேட்கிறான், பக்கத்தில் மனைவி நிற்கிறாள். சவரிநாதன் என்ன செய்வான்?

"அதுக்கென்ன மச்சான், உங்களுக்கு இல்லாததா?"

சொந்த அண்ணனுக்கு அனுப்புகிற பார்சல். அமலோற்பவம் விட்டுவிடுவாளா? அந்த வாரத்தில் இட்ட முட்டைகளாகப் பொறுக்கி, வெயிலில் உயர்த்திக் கீறல் பார்த்தாள். கழுவினால் முட்டை கெட்டுப்போகும் என்று, ஒட்டியிருந்த அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தாள். பொறுக்கியதை எல்லாம் ஒரு முறத்தில் உமி பரப்பி அதன்மேல் வைத்துவிட்டு, பார்சல் தைக்கக் காடாத் துணி வாங்கக் கடைக்குப் போனாள்.

அவள் தெரு முனை திரும்பியதும் சவரிநாதன் முறத்தின் முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு முட்டையாக எடுத்து, தாயக்கட்டை குலுக்குவதுபோலக் காதோரம் வைத்துக் குலுக்கினான். உள்ளே கலங்குகிற சத்தம் கேட்கும்வரை குலுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தான். ஓட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

அமலோற்பவம் வந்து ஒவ்வொன்றையும் பேப்பரில் சுருட்டி, கூர்முனை கீழே இருக்கும்படி பிஸ்கட் டின்னில் அடுக்கி, சந்து பொந்தெல்லாம் உமி நிரப்பினாள். அந்த டின்னைப் பெரிய டின்னுக்குள் வைத்து, இரண்டுக்கும் நடுவில் மறுபடி உமி. தூக்கி ஆட்டிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. துணியில் தைத்து அரக்கு வைத்தபோது, புருஷனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

விழுப்புரம் தபாலாபீசுக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். கவுண்டரில் இருந்தவர் முத்திரையை ஓங்கியதும் அவள் பதறிவிட்டாள்.

"அண்ணே, மெதுவா குத்துங்க. உள்ள உயிரு இருக்குது!"

அவர் சிரித்துக்கொண்டே பூப்போல முத்திரை குத்தினார். சவரிநாதன் சுவரில் ஒட்டியிருந்த சிறுசேமிப்பு நோட்டீஸைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

கல்லறைத் திருநாளுக்குப் பெரியநாயகம் வந்தான். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஊரே கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றிருந்த நேரம்.

"ஒண்ணுகூடப் பொரிக்கல பாப்பா. ஓடு ஒண்ணும் ஒடையல, ஆனா உள்ள எல்லாம் கலங்கிக் கூழா கெடக்குது. வழியெல்லாம் குலுங்கிக்கினு வந்திருக்கு. நீ கட்டினது சரியில்ல."

அமலோற்பவத்தின் முகம் சுண்டிவிட்டது. "நீங்க கூடத்தான இருந்தீங்க? சொல்லுங்களேன்" என்று புருஷனைப் பார்த்தாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்றதும் வாய் முந்திக்கொண்டது. "நான் அப்பவே சொன்னேன், உமி பத்தாதுன்னு. இவ கேட்டாத்தான?"

அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒருவேளை சொல்லி, நாம்தான் காதில் வாங்கவில்லையோ என்று அவள் யோசித்ததை அவன் கண்ணால் பார்த்தான். அதைவிட அவள் அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி, பம்பாய்க்கு அனுப்பும் முறுக்கைத் தானே கட்டிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் வந்தும் ஒருத்தரும் பார்சல் என்று வாசல்படி ஏறவில்லை. "எங்கை ராசி போய்டுச்சிங்க" என்றாள் அமலோற்பவம். சவரிநாதன் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது குடித்ததைச் சொன்னான், கெட்ட வார்த்தை பேசியதைச் சொன்னான். இதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. சாமியாரும் தன் அக்காளுக்கு அனுப்ப அமலோற்பவத்திடம் பார்சல் கட்டி வாங்கினவர்தான். வெட்கம் சாமியாரிடம் மட்டுமில்லை, சேவலுக்குக் கேப்பை போடும்போதுகூட அதன் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மே மாதம் தேர்த் திருவிழாவுக்குப் பெரியநாயகம் வந்தபோது கையில் மூடுகூடை இருந்தது. திறந்தான். உள்ளே மயில் நிறத்தில் ஓர் இளஞ்சேவல்.

"பன்னெண்டுல பத்து பொரிச்சிது மாப்ளே! இந்தத் தடவ ஜோரு!"

சவரிநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தத் தடவை? சோறு போட்டுக்கொண்டிருந்த அமலோற்பவம் சொன்னாள். பொங்கலின்போது அவன் மண்டகப்பட்டுப் பக்கம் சேவல் சண்டைக்குப் போயிருந்தானே, அன்றைக்குக் கட்டி, தபாலாபீஸ் திறந்ததும் அனுப்பினாளாம். அண்ணனிடம் தன் கையைப் பற்றி ஒரு குறை நிற்கக்கூடாது என்று, யாருக்கும் சொல்லாமல்.

"அப்ப எவ்ளோ உமி போட்ட?" என்றான் பெரியநாயகம்.

"அதே உமிதான் அண்ணே. அதே டின்னு. ஒரு புடிகூட ஜாஸ்தி போடல."

"பின்ன எப்படி?"

அவள் குழம்புக் கரண்டியோடு புருஷன் பக்கம் திரும்பினாள். எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டாள் என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. சவரிநாதன் பிசைந்த சோற்றோடு வாயைத் திறந்தான். இப்போதாவது சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தான்.

"மச்சான், அது வந்து..."

"இந்தத் தடவ நான் தனியா கட்டினேன் அண்ணே, அவ்ளோதான்" என்றாள் அவள். பிறகு அவன் தட்டில் குழம்பை ஊற்றி, "நீங்க சாப்புடுங்க" என்றாள்.

பெரியநாயகம் சிரித்தான். அவனுக்கு அது தங்கையின் கைராசி. சவரிநாதன் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தான்.

அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததில் அமலோற்பவத்தின் பெயர் திரும்பி வந்துவிட்டது. பாக்கியமேரியே முதலில் முறுக்கோடு வந்தாள். புருஷனிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு நாள் முகம் திருப்பவில்லை. ஆனால் யாராவது பார்சல் கட்ட வந்து, அவள் டின்னை எடுத்து உமியைப் பரப்பினால், அதற்குமேல் சவரிநாதனால் வீட்டுக்குள் உட்கார முடியாது. தானாக எழுந்து வெளியே போய், அவள் தைத்து முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் நிற்பான். யாரும் அவனைப் போகச் சொன்னதில்லை. இருங்கள் என்று அவளும் சொன்னதில்லை.