வாளிக்குள் வந்த பச்சைச் சிறகு

நான் அதிகம் பேசமாட்டேன். எங்கள் மேனாம்பேடு குடியிருப்பில் பாதிப் பேருக்கு என் குரலே தெரியாது.

சாமிக்குப் பூப் பறிக்கப் போனபோது, கேட் ஓரத்து நந்தியாவட்டையில் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழுவைப் பார்த்தேன். தலைப்பக்கம் கண் மாதிரி இரண்டு நீலப் புள்ளிகள். அத்தனை அழகு! அதற்குள் வாட்ச்மேன் மனைவி செல்வி பூச்சி மருந்தோடு வந்துவிட்டாள்.

"நவுரு ஆயா, செடிய மொட்ட அடிச்சிகினு கீது."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. புழுவோடு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து, பழைய வாளியில் வைத்து, மேலே துணி கட்டினேன்.

தினமும் இலை போட்டேன். நன்றாகத் தின்ற புழு ஒருநாள் பழுப்பாகி, சருகுக்கடியில் போய் முடங்கியது. பிறகு கொட்டை மாதிரிக் கெட்டியாகிவிட்டது.

"செத்துப்பூட்ச்சி ஆயா, கடாசு" என்று செல்வி சிரித்தாள். தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் வாளிக்குள் சரசரவென்று சத்தம். துணியை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஓடு பிளந்து, கசங்கிய சிறகோடு ஓர் அந்துப்பூச்சி துணியைப் பிடித்துத் தொங்கியது. பார்க்கப் பார்க்கச் சிறகு விரிந்தது. பச்சைக்கு நடுவே வெள்ளையும் ரோஜா நிறமும்!

"செல்வி, ஓடியா! உயிரோட இருக்குடி!"

மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன். கதவுகள் திறந்தன. செல்வி மூச்சிரைக்க வந்தாள்.

"இன்னா ஆயா, உனுக்கு இவ்ளோ சத்தம் வருமா?"

இருட்டத் தொடங்கியதும் பூச்சி சிறகை நடுக்கிக்கொண்டு எல்லார் தலைக்கும் மேலே பறந்துபோனது.

மறுநாள் செல்விதான் என்னைக் கூப்பிட்டாள். அதே நந்தியாவட்டையின் இலைக்கடியில் இன்னொரு குட்டிப் புழு.

"மருந்து அடிக்கட்டா?" என்று வேண்டுமென்றே கேட்டாள்.

முந்தின நாள் கத்தியதில் குரல் கம்மியிருந்தது. இருந்தாலும், "வேணாம்டி" என்று சத்தமாகவே சொன்னேன்.