நாலு கிலோ பேட்டரியும் சாக்கு எடையும்

பேட்டரிக் கடைக்காரனின் முகம் மனிதர்களுக்கு நினைவு வருவது வண்டி நடுரோட்டில் நின்ற பிறகுதான். கல்லாவுக்குப் பின்னால் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நன்றாக ஓடுகிற வண்டியோடு ஒரே ஒருவர்தான் பேகம்பூரில் உள்ள என் கடைக்கு வந்தார். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

ஆட்டிப் பார்த்தவர்

சவரிமுத்து வெங்காய மண்டிக்காரர். தன் சின்னக் காரைப் பந்தயத்துக்காக இழைத்து வைத்திருப்பவர். வடமதுரைப் பக்கம் ஒரு பொட்டலில் ஆண்டுதோறும் கூம்புகளை நட்டு, வளைத்து வளைத்து ஓட்டச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். போன தடவை அவரை ஒரு கண்சிமிட்டலில் முந்தியவன், அவர் மனைவியின் தம்பி ஜெரால்டு. அன்றிலிருந்து எந்த விருந்தானாலும் இலை போட்டதும் ஜெரால்டு அந்தக் கதையைத்தான் முதலில் பரிமாறுவான். “இந்தத் தடவையும் தோத்தேன்னா, கிறிஸ்மஸுக்கு நான் நிம்மதியாச் சோறு திங்க முடியாதுண்ணே” என்றார் சவரி.

சுருக்கமாகப் பேசும் வழக்கம் என்னிடம் இல்லை. ஈயத் தகடும் அமிலமுமான அவரது பழைய பேட்டரி பதினாலு கிலோ. லித்தியம் பேட்டரி நாலே கிலோ. எஞ்சினைக் கிளப்புவதில் சூரன், ஆனால் மின்சாரக் கையிருப்பு குறைவு, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுப் போடவே கூடாது என்று வேதியியலில் தொடங்கி விளக்கி முடித்தேன். அவர் பேட்டரியை ஒற்றைக் கையால் தூக்கி, காதருகே வைத்து ஆட்டினார்.

“உள்ள சரக்கு இருக்காண்ணே?”

எங்கே வைப்பது

எடை ஒரு விஷயம் என்றால், அந்த எடை உட்காரும் இடம் இன்னொரு விஷயம். முன்பக்கம் ஏற்கெனவே எஞ்சினின் கனம். போதாததற்கு அதன் சூடு. டிக்கியில் வைத்தால் பாரம் பின்னால் போகும், ஆனால் அங்கிருந்து எஞ்சின் வரை இழுக்கும் தடித்த ஒயரின் கனம், மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தாளில் படம் போட்டு, முன் சீட்டுக்குப் பின்னால், தரையோடு தரையாக ஓர் இடத்தைக் குறித்தேன். தாழ்வான இடம், வண்டியின் நடுப்பகுதி, சூடு இல்லை, ஒயரும் குட்டை. வாழ்க்கையில் இத்தனை பொருத்தமான விடை எனக்குக் கிடைத்ததில்லை. கூட வந்திருந்த சவரியின் மனைவி பிலோமினா படத்தை எட்டிப் பார்த்தார்.

“அது எங்க அம்மா கால் வைக்கிற எடம்ணே.”

டிக்கி என்று முடிவானது.

இன்னொரு வழி

வேலை முடிந்ததும், “வண்டியில பத்துக் கிலோ கொறைஞ்சிருச்சு தெரியுமா!” என்று சவரி மனைவியிடம் பெருமையடித்தார். பிலோமினா கணவரை மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இம்புட்டுக்காண்ணே இந்தப் பாடு? ராத்திரி பரோட்டாவ நிப்பாட்டினா போதாதா?”

பெட்டி

பந்தயத்துக்கு முந்தின நாள் மண்டிக்குப் போய் டிக்கியைத் திறந்தேன். நான் வார் போட்டுக் கட்டிய பேட்டரியைக் காணவில்லை. அந்த இடத்தில் கனத்த தகட்டில் ஓர் இரும்புப் பெட்டி; பேட்டரி அதற்குள். அதன் வாயில் தேங்காய் மூடி அகலத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. “யாராச்சும் ஆட்டயப் போட்டா?” என்றார் சவரி. பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, வெறும் பெட்டியைக் கழற்றி அவருடைய தராசிலேயே வைத்தேன். பூட்டோடு பன்னிரண்டு கிலோ. ஒயரைச் சேர்க்காமலே வண்டி முன்பைவிட இரண்டு கிலோ கூடுதல் கனம்.

“பெட்டிய ஏண்ணே கணக்குல சேக்குறீங்க? சாக்கு எடையக் கழிச்சிட்டுத்தான சரக்க நிறுக்கணும்?” அவர் விளையாடவில்லை. பல வருட மண்டிப் பழக்கம் அது.

“கழிவெல்லாம் தராசோடு சரி. மூட்டையை முதுகில் ஏற்றுகிறவர் சாக்கையும் சேர்த்துத்தானே சுமக்கிறார்? கார் அந்த ஜாதி” என்றேன்.  சவரி பூட்டை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“பெட்டிய நீங்க கொண்டு போங்கண்ணே. பூட்டு நல்ல பூட்டு.”

பொட்டல்

மறுநாள் நானும் போனேன், வீட்டில் தொழில் அக்கறை என்று சொல்லிவிட்டு. ஜெரால்டு அதே ரகக் காரில், பழைய ஈய பேட்டரியோடு, அழகாகவே ஓட்டினான். அடுத்து சவரி. கடைசி வளைவில் வால் லேசாக வீசியது. ஒரு கூம்பைத் தொடுவது போலப் போய், தொடாமல் திரும்பியது. போன வருடம் எந்தக் கண்சிமிட்டலில் தோற்றாரோ அதே கண்சிமிட்டலில் ஜெயித்தார். மச்சினனைக் கட்டிப்பிடித்து, “ஏலே மாப்ளே, இனி சாப்பாட்டுல நான் பேசுறேன், நீ கேளு!” என்று கத்தினார். பிலோமினா தம்பிக்கும் புருஷனுக்கும் சேர்த்தே கைதட்டினார்.

பிறகு சவரி எஞ்சினை அணைத்தார், நாலு கதவையும் திறந்தார், பாட்டுப் போட்டார். நான் ஓடிப்போய்ச் சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பொட்டல் காலியாகும்வரை ஆடினார்கள். நானும் கொஞ்சம் ஆடினேன் என்பதை மறைப்பதற்கில்லை. கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்த வண்டியிலிருந்து மின்சாரம் கடன் வாங்க யாரிடமும் ஜம்பர் ஒயர் இல்லை; என்னுடையது கடையில் பத்திரமாக இருந்தது. ஜெரால்டு தன் காரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தி, கயிறு கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“ஜெயிச்சது நீங்கதான் மச்சான், ஒத்துக்கிறேன். ஆனா வீட்டுக்கு மொதல்ல போய்ச் சேரப்போறது யாருன்னு பாத்துக்கங்க.”

ஆக, வளைவில் ஜெயிக்க நாலு கிலோ தாராளம், சக பாவிகளே. ஜெயித்ததைக் கொண்டாடத்தான் அந்தப் பழைய பதினாலு கிலோ வேண்டியிருக்கிறது.