இடப்பக்க விளக்கு

திருத்தங்கலில் நான் வேலை பார்த்த அச்சகத்தில், பட்டாசுப் பெட்டிக்கு அட்டை வெட்டும் இயந்திரம் என் பொறுப்பு. அட்டை கோணலாக விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும். உடனே பொத்தானை அமுக்கி இயந்திரத்தை நிறுத்த வேண்டும். விளக்கும் பொத்தானும் என் வலப்பக்கமே இருந்தன. விளக்கு எரிவதும் வலது கை போவதும் ஒன்றாகவே நடக்கும். அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

ஒரு சீசனுக்கு முன்னால் முதலாளி வாஸ்து பார்க்க ஆள் கூட்டி வந்தார். இயந்திரம் கிழக்குப் பார்த்து நின்றால் ஆர்டர் கொட்டும் என்று அந்த மகராசன் சொல்லிவிட்டுப் போனார். திருப்பி வைத்ததும் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த விளக்கு சுவரில் இடித்தது. அதைக் கழற்றி இடப்பக்கம், அட்டையை வெட்டும் வாய்க்கு மேலே மாட்டினார்கள். பொத்தான் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்றிலிருந்து விளக்கு எரிந்தால் இடது கைதான் முதலில் துள்ளியது. அதை அடக்கி வலது கையை அனுப்புவதற்குள் அட்டை நசுங்கிவிடும். முதலாளியிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, விளக்கு ஒரு பக்கம், பொத்தான் ஒரு பக்கம் இருக்கு. கை தடுமாறுது."

"எங்கன எரிஞ்சா என்னலே? கண்ணுக்குத் தெரியுதுல்லா?"

தெரிந்தது. அதுதான் வினை. ஒரு மதியம், லோடு ஏற்ற வந்த வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அந்த அவசரத்தில் விளக்கு எரிய, இடது கை அதை நோக்கிப் போய்விட்டது. இயந்திரம் வாயை மூடியது.

ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்த முதலாளி, "கவனம் வேண்டாமாலே?" என்றார். பக்கத்துக் கட்டில்காரரும் உச்சுக் கொட்டி அதையே சொன்னார். என் மனைவிகூட இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டபோது, "இவருக்குக் கவனத்தக் குடு தாயீ" என்றுதான் வேண்டினாள். அவள்மேல் வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

காயம் ஆறியதும் விரல்கள் இல்லாத இடது கையோடு வேலை கேட்டுப் போனேன். சுவரில் குழி எடுத்து, விளக்கைப் பழையபடி வலப்பக்கம் மாட்டியிருந்தார்கள். ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை, அவ்வளவுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"சரியா ஓடுதான்னு நின்னு பாருலே" என்றார் முதலாளி.

நின்றேன். வேண்டுமென்றே ஓர் அட்டையைக் கோணலாக விட்டார்கள். விளக்கு எரிந்தது. நான் நினைப்பதற்கு முன்பே என் வலது கை பொத்தானை அமுக்கியிருந்தது.

முதலாளி, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீகளா? இந்தக் கவனம் அன்னைக்கு இருந்திருக்கணும்."