இரண்டும் பத்திரமாக இருக்கின்றன

அமெரிக்காவில் டுலூத் நகரத்து மென்பொருள் கம்பெனி ஒன்றில் மார்லிஸுக்குப் பிழைச் செய்தி எழுதும் வேலை. பல பேர் ஒரே கோப்பில் எழுதும்போது யார் எதை மாற்றினார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளும் மென்பொருள் அது. இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்துவிட்டால், எதை எடுப்பதென்று தெரியாமல் நின்றுவிடும். முன்பெல்லாம் ‘மோதல். இணைப்பு தோல்வி’ என்று கத்தும். படித்தவர்கள் பயந்துபோய்க் கண்டதைத் தட்டி, அடுத்தவர் உழைப்பை அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

“இதுல தோத்தது யாரு டூயி? ரெண்டு பேரும் வேலை பாத்திருக்காங்க, அவ்ளோதானே?” என்று பக்கத்து மேசைக்காரனைப் பிடித்துக்கொண்டாள்.

“தாயே, ஒரு வார்த்தைக்கு மூணு வாரமா? ஆளை விடு.”

மூன்று வாரம்தான் ஆயிற்று. புதுச் செய்தி இப்படி வந்தது: ‘நீங்களும் இன்னாரும் ஒரே வரியை மாற்றியிருக்கிறீர்கள். இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன் அவரிடம் பேசுங்கள்.’ இன்னார் என்ற இடத்தில் மென்பொருளே பெயரை நிரப்பிக்கொள்ளும்.

எழுதியவளோ தங்கையிடம் பேசி ஆறு வருஷம். அம்மாவின் கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரியா வீடா என்று இருவருக்கும் வாக்குவாதம். “நீ வந்து பாத்தியா?” என்று கேட்டுவிட்டாள் மார்லிஸ். கனடாவில் வின்னிபெக்கில் இருந்த தங்கை கொரின் அடக்கத்துக்கு வந்தாள், போனாள், அதோடு சரி. கொரினும் தன் வேலைக்கு இந்த மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறாள் என்று மார்லிஸுக்குத் தெரியும். தன் வரிகள் என்றைக்காவது அவள் கண்ணில் படாதா என்று ஏங்கினாள். படும்போது எழுதியவர் பெயர் இருக்காது என்பதும் தெரியும்.

புதியவர்கள் பழகுவதற்கான மாதிரிக் கோப்பில் அம்மாவின் காட்டரிசி சூப் செய்முறையை வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். சூப் தண்ணீராக இருக்கிறதென்று இரண்டு பேர் குறைப்பட்டதால், ஒரு செவ்வாய்க்கிழமை ‘க்ரீம் ஒரு கப்’ என்பதை ஒன்றேகாலாக்கினாள். பிறகு வெளியிலிருந்து வந்திருந்த திருத்தங்களைச் சேர்க்கப் போனாள். மென்பொருள் நின்றது.

‘நீங்களும் கொரினும் ஒரே வரியை மாற்றியிருக்கிறீர்கள்.’

கொரின் ஒன்றரைக் கப் என்று போட்டிருந்தாள்.

டூயி எட்டிப் பார்த்தான். “ஏதாவது ஒண்ணைத் தட்டு, சாப்பிடப் போலாம். பசி உயிர் போகுது.”

“மொதல்ல பேசணும்னு போட்டிருக்கே.”

“அது ஊருக்கு எழுதினது.”

மார்லிஸ் போனை எடுத்தாள். நாலாவது மணியில் எடுத்தாள் கொரின். “அம்மா சூப்புல நாம ரெண்டு பேரும் ஒரே வரியை மாத்தியிருக்கோம்,” என்றாள் மார்லிஸ்.

“அம்மா ஒண்ணரைக் கப்தான் ஊத்துவா, மார்லி,” என்றாள் கொரின். “பக்கத்துலேயே இருந்த நீ, அதைப் பாத்ததே இல்லையா?”

“இல்லடி,” என்றாள் மார்லிஸ். “நீதான் பாத்திருக்க.”