திரும்பி வந்த லோடு

ஜெபசீலி கான்ட்ராக்டில் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஒரு பழைய குட்டி யானை லோடு வண்டியை வாங்கினாள். கணவர் ஆரோக்கியநாதன் கம்பெனி பஸ் ஓட்டுபவர். ஓட்டப் பழக்கிவிட்டது அவர்தான். முதலில் உத்தனப்பள்ளித் தோட்டங்களிலிருந்து தக்காளி ஏற்றினாள். மூக்கண்டப்பள்ளியில் வீட்டுக்கு வீடு மாடி எழும்பத் தொடங்கியதும், இடித்த கல்லையும் காரையையும் அள்ளிப்போக ஆள் தேடினார்கள். டிராக்டர்காரர்கள் முழு லோடு இருந்தால்தான் வருவார்கள். ஒரு பாத்ரூம் சுவருக்கு யார் வருவார்? ஜெபசீலி வந்தாள்.

அதுவரை அதெல்லாம் ஏரி ஓரத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. பிறகு மாநகராட்சியின் கெடுபிடி வந்தது. ஊருக்கு வெளியே ஒதுக்கிய இடத்தில்தான் கொட்ட வேண்டும். எடைக்கு ஏற்பக் கட்டணம். கல், காரை, டைல்ஸ் தவிர வேறெதுவும் கலந்திருக்கக் கூடாது. கண்ட இடத்தில் கொட்டினால் வீட்டுக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் அபராதம்.

அந்தச் சமயத்தில்தான் ரேவதியின் வீட்டு லோடு வந்தது. ரேவதி மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவள். பழைய பாத்ரூமை இடித்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். ஜெபசீலி எல்லாவற்றையும் வாரி ஏற்றிக்கொண்டு போனாள். கொட்டும் இடத்தின் கேட்டில் காவலிருந்த ஆஞ்சப்பன் ஒரு கம்பியால் மேலாகக் கிளறினார். பிளாஸ்டிக் குழாய், உளுத்த கதவு, சிமென்ட் சாக்கு எல்லாம் வெளியே வந்தன.

"ஆகல்லம்மா," என்று கன்னடத்தில் மறுத்தார்.

"யாக்கண்ணா?" ஏன் என்று அவளும் கன்னடத்திலேயே கேட்டாள்.

"கலந்து கெடக்குது பாரு. பிரிச்சு எடுத்துட்டு வா, விடுறேன்."

திரும்பும் வழியில் ஏரி வந்தது. கரையில் யாரும் இல்லை. ஜெபசீலி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நேரே ரேவதி வீட்டு வாசலில் போய் நிறுத்தினாள்.

ரேவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னங்கக்கா இது, காசு வாங்கிட்டு மறுபடியும் இங்கயே கொண்டாந்து நிக்கறீங்க? ஏரியில தட்டிட்டுப் போயிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே. பார்க்காம ஏத்தினது என் தப்பு கண்ணு. ரெண்டு சாக்கு இருந்தா குடு, நானே பிரிச்சு எடுத்துக்கறேன்."

ஜெபசீலி வண்டிமேல் ஏறி உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினாள். ரேவதி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், நைட்டிமேல் கணவனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்து தானும் ஏறினாள். குழாய்களெல்லாம் ஒரு சாக்கில் சேர்ந்தன. அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். கதவுப் பலகை வெந்நீர் அடுப்புக்கு ஒதுங்கியது. பக்கத்து வீட்டு நஞ்சம்மா எட்டிப் பார்த்து, உடையாத டைல்ஸ்களைத் துணி துவைக்கிற இடத்தில் பதிக்க வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வேலை முடிவதற்குள் இருவரும் மாமியார்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

லோடு இளைத்துப்போயிருந்தது. எடை குறைந்ததால் கட்டணமும் குறைந்தது. ஆஞ்சப்பன் இந்த முறை கம்பியைத் தொடவே இல்லை. "ஹோகம்மா," என்று உள்ளே போகச் சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஜெபசீலி சுவர் உடைப்பதற்கு முன்பே போய்ச் சாக்குகளைக் கொடுத்துவிடுகிறாள். எது எதில் போக வேண்டும் என்று வீட்டுக்காரரிடமும் கொத்தனாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள். முத்துமணி மேஸ்திரி மட்டும், "நான் சுவர் இடிக்கறதா, குப்பை பொறுக்கறதா?" என்று சில நாள் முணுமுணுத்தார். தெருவில் குவித்து வைத்ததற்கு ஒருமுறை அபராதம் கட்டிய பிறகு அவரும் பழகிக்கொண்டார்.

போன வாரம் அவரே போன் செய்தார்.

"ஏம்மா, நாளைக்கு ஒரு சமையல் ரூம் உடைக்கணும். உனக்குத் தோதுப்படுமா?"

"நாளைக்கு வேணாங்கண்ணா. எம் பொண்ணு ப்ரீதா ஸ்கூல் ஆண்டு விழாவுல ஆடுறா."

"சரி சரி, போயிட்டு வா. நாளான்னிக்கு உடைச்சுக்கறோம்."

மறுநாள் ஜெபசீலி பட்டுச்சேலை கட்டி, ஆரோக்கியநாதனோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து மகளின் ஆட்டத்தைக் கண்குளிரப் பார்த்தாள்.